ஃபேன் வாலடிக்குது, பம்ப் நிக்க மாட்டேங்குது: ஏர் அசிஸ்டெட் ஏர்லெஸ் ஸ்பிரேக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மர பாலீஷ் ஷாப்புகளில் இந்தக் கருவியை ஏர்மிக்ஸ் என்பார்கள், ஏர்லெஸ் என்பார்கள், வெறுமனே பம்ப் என்றும் சொல்வார்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அமைப்பு ஒன்றுதான். பிஸ்டன் பம்ப் மெட்டீரியலை, அதாவது அடிக்கப்போகும் பாலீஷையோ பெயிண்டையோ, அழுத்தித் தள்ளும். கன்னில் இருந்து விசிறி மாதிரி விரிந்து வரும் ஸ்பிரேதான் ஃபேன். கன் முனையில் கொஞ்சம் காற்று சேர்ந்து அந்த ஃபேனின் ஓரங்களைச் சீராக்கும்.

கோளாறு என்று எனக்குப் போன் செய்கிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது, "பிரஷர் ஏத்திப் பார்த்துட்டேன், அப்பவும் சரியாகல" என்பதுதான். பிரஷரை ஏற்றுவதை நான் கடைசிக்குத்தான் வைத்திருப்பேன். நான் போய்ப் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை முந்தின நாள் சாயங்காலம் கருவியைக் கழுவிய லட்சணத்தால் வந்தவை. அதனால் கீழே எந்தத் தலைப்பைப் பார்த்தாலும் முதலில் ஃபில்டர், டிப் (கன் முனையில் மெட்டீரியல் வெளிவரும் பொடி ஓட்டை உள்ள பாகம்), டின் என்று காசில்லாத இடங்கள் வரும். ரிப்பேர் கிட் வாங்கும் பேச்சு பின்னால்தான்.

## எதைக் கழற்றும் முன்பும்: பிரஷரை இறக்குங்கள்

கேஜ் 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) காட்டினால் அது பம்புக்குள் போகும் காற்றின் அழுத்தம். பம்ப் அதைப் பல மடங்காக்கும். 15:1 பம்ப் என்றால் ஹோஸுக்குள் மெட்டீரியல் 600 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருக்கிறது, 30:1 என்றால் 1200. கப் கன்னில் பழகிய கை, டிப் அடைத்ததும் விரலால் தடவிப் பார்க்கப் போகும். இந்தக் கன்னில் அதைச் செய்யக்கூடாது. இந்த அழுத்தத்தில் மெட்டீரியல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலியும் பெரிதாக இருக்காது, உள்ளே தசை கெட்டுக்கொண்டிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடரும் காயமாக அதை நினைக்காதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதிக அழுத்தத்தில் பெயிண்ட் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லி, டின் லேபிளையும் காட்டுங்கள்.

இறக்கும் வரிசை:

1. பம்புக்குப் போகும் காற்று வால்வை மூடுங்கள்.
2. கன்னின் உலோகப் பகுதி இரும்பு வாளியைத் தொட்டபடி இருக்க, வாளிக்குள் ட்ரிகரை அழுத்தி மிச்ச அழுத்தத்தை விடுங்கள். வாளியும் பம்பும் எர்த் ஆகியிருக்க வேண்டும். தின்னர் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும், பிளாஸ்டிக் வாளியில் அந்தப் பொறி வரும்.
3. பம்பில் மிஞ்சிய மெட்டீரியலை வெளியே விடும் டிரெயின் வால்வைத் திறந்து, அப்படியே விட்டு வையுங்கள்.
4. ட்ரிகர் லாக்கைப் போடுங்கள்.

டிப் அடைத்திருந்தால் இரண்டாவது வேலை நடக்காது. அப்போது டிரெயினைத் திறந்த பிறகும் ஹோஸில் அழுத்தம் மிச்சமிருக்கலாம். டிப்பைச் சுற்றிக் காற்று விடும் மூடிதான் ஏர் கேப். அதன் நட்டின் மேல் துணியைச் சுற்றி, மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

## ஃபேனின் இரண்டு ஓரத்திலும் வால்

கிராஃப்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, 30 செ.மீ. தூரத்தில் இருந்து அரை நொடி ட்ரிகர் அடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிசாகவும் மேலும் கீழும் இரண்டு தடித்த கோடுகளாகவும் விழுந்தால் அதுதான் வால்.

செட்டிங் தவறா? எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து புதிதாக ஆரம்பியுங்கள். ஏர் கேப் காற்றை முழுதாக மூடிவிட்டு, பம்ப் காற்றை 20இல் வையுங்கள். பேப்பரில் அடித்துப் பார்த்து ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். 15:1 பம்பில் கேஜின் ஒவ்வொரு ஐந்தும் மெட்டீரியல் பக்கம் 75 ஆகும் என்பது நினைவிருக்கட்டும். ஃபேன் முழு அகலத்துக்கு விரிந்து ஓரத்தில் சின்ன வால் மட்டும் மிஞ்சும்போது அங்கேயே நிறுத்துங்கள். அந்தச் சின்ன வாலைக் காற்றால் அழிக்க வேண்டும். ஏர் கேப் காற்றை 5, 10, 15 என்று கூட்டிக்கொண்டே வந்து, வால் மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் தரும் காற்று ஸ்பிரே அடிக்கும் பூத்தில் புகையைத்தான் கூட்டும். பியூ (பாலியூரித்தேன்) பாலீஷை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதால் அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். ஒருமுறை உடம்பு ஒவ்வாமையைப் பிடித்துக்கொண்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளிக்காற்றுக் குழாய் உள்ள மாஸ்க்தான் சரி.

20 பி.எஸ்.ஐ. காற்றிலும் வால் போகவில்லையா? கன் கைப்பிடிக்குள் இருக்கும் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஃபில்டர் பாதி அடைத்திருந்தால் பம்ப் தரும் அழுத்தம் டிப் வரை வந்து சேராது.

ஃபில்டர் சுத்தமா? மெட்டீரியல் கெட்டியாக இருக்கலாம். கெட்டித்தனத்தை அளக்கும் ஓட்டைக் கப்பான பி4 கப்பில் ஓடவிட்டு நேரம் பாருங்கள். பியூவுக்கு நான் 20 முதல் 30 வினாடிக்குள் வைத்துக்கொள்கிறேன். இந்தக் கருவி கப் கன்னை விடக் கெட்டியான மெட்டீரியலைத் தாங்கும், அதற்காகத்தான் இதை வாங்குகிறோம். ஆனால் பி4 கணக்கெல்லாம் 30 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. மார்கழிக் காலையில் ஓசூர்ப் பக்கம் அதே டின் வேறு மெட்டீரியலாக இருக்கும். லேபிளில் சொன்ன அளவுக்குள் தின்னர் சேருங்கள்.

அதுவும் சரியா? டிப் தேய்ந்திருக்கும். டிப்பில் 411 என்று இருந்தால் முதல் எண்ணின் இரட்டிப்பு, அதாவது 8 அங்குலம், 12 அங்குலத் தூரத்தில் ஃபேனின் அகலம். பின்னால் உள்ள 11 ஓட்டையின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் பதினொரு பங்கு. டிப் தேயத் தேய ஓட்டை பெரிதாகி ஃபேன் சுருங்கும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 8 அங்குலம் வர வேண்டிய இடத்தில் 6 வந்தால் டிப்பை மாற்றிவிடுங்கள். தேய்ந்த டிப்பை வைத்துக்கொண்டு அடிப்பதில் வீணாகும் பியூவின் விலை புது டிப்பின் விலையைச் சீக்கிரம் தாண்டிவிடும்.

புது டிப்பிலும் வால் அப்படியே இருந்தால் பம்ப் அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை என்று அர்த்தம். "கன்னை மூடியும் பம்ப் ஓடுகிறது" என்ற தலைப்புக்குப் போங்கள்.

## ஃபேன் ஒரு பக்கம் கனம், அல்லது வாழைப்பழம் போல வளைவு

ஒரே சோதனையில் இது தெரிந்துவிடும். ஏர் கேப் காற்றை முழுக்க மூடிவிட்டு அடித்துப் பாருங்கள்.

காற்று இல்லாமலும் கோணலாகவே விழுந்தால் குற்றம் டிப்பில். ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, முன்பக்கத்தில் இருந்து பின்பக்கமாகக் காற்றடியுங்கள். அப்புறமும் கோணல் என்றால் டிப் முனை சிதைந்துவிட்டது. டிப்பின் நடுவில் இருக்கும் டங்ஸ்டன் கார்பைடு பயங்கரக் கெட்டி, ஆனால் கண்ணாடி மாதிரி சில்லு விடும். ஊசி, கம்பி, பின் எதையும் அதற்குள் விடாதீர்கள்.

காற்று இல்லாமல் நேராக விழுந்து, காற்றைத் திறந்ததும் ஒரு பக்கம் சாய்ந்தால் குற்றம் ஏர் கேப்பில். கொம்புகளில் உள்ள பொடி ஓட்டைகளில் ஒன்று அடைத்திருக்கும். ஏர் கேப்பைத் தின்னரில் ஊறவைத்துவிட்டு, துடைப்பத்தில் இருந்து ஒரு தென்னை ஈர்க்குச்சியை உருவி, நுனியைச் சீவி உள்ளே விடுங்கள். கடையில் விற்கும் எந்த கிளீனிங் கிட்டும் இதற்கு மேல் எதுவும் செய்யாது.

## ஃபேன் மூச்சு விடுகிறது: சுருங்கி விரிந்து துடிக்கிறது

பம்ப் மேலும் கீழும் திரும்பும் நொடியில் ஃபேன் லேசாகக் கண் சிமிட்டுவது இயல்புதான். படலத்தில் பட்டை பட்டையாகத் தெரியும் அளவுக்குத் துடித்தால் கவனிக்க வேண்டும்.

ட்ரிகரை அழுத்தியபடியே பம்பின் காற்றுக் கேஜைப் பாருங்கள்.

முள் விழுகிறது. கோளாறு காற்றுப் பக்கம் இருக்கிறது. வாட்டர் ஃபில்டர் அடைப்பு, மெல்லிய ஏர் ஹோஸ், ஒரே கம்ப்ரசரில் சாண்டரும் நெயில் கன்னும் சேர்ந்து ஓடுவது ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள். நான் போன ஒரு ஷாப்பில் இரண்டு நாள் பம்பைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியிருந்தார்கள். அடுத்த அறையில் ஆசாரிப் பையன் உப்புத்தாள் மெஷினை ஓட்டும்போது மட்டும்தான் ஃபேன் துடித்தது.

முள் அசையவில்லை, ஃபேன் மட்டும் துடிக்கிறது. மெட்டீரியல் பக்கம் பாருங்கள். டின்னில் மெட்டீரியல் குறைந்து சக்‌ஷன் குழாய் காற்றை உறிஞ்சுகிறதா, சக்‌ஷன் வலையில் காய்ந்த மெட்டீரியலின் ஆடை ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இரண்டும் சரி என்றால் சக்‌ஷன் இணைப்புகளில் காற்றுக் கசிவு இருக்கலாம். டிரெயின் குழாய் வழியாக மெட்டீரியலைச் சுற்றவிட்டால் அதில் குமிழி குமிழியாக வரும். அந்த இணைப்புகளின் மேல் கிரீஸைத் தடவிப் பாருங்கள். குமிழி நின்றால் இடம் கிடைத்துவிட்டது, அங்கே வாஷர் மாற்றினால் போதும். கிரீஸில் சிலிக்கான் இருக்கவே கூடாது. ஏன் என்பது மீன்கண் பகுதியில் இருக்கிறது.

இவை எதுவும் இல்லை என்றால் பம்ப் மேலே போகும் வேகமும் கீழே வரும் வேகமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் படக்கென்று பாய்ந்தால் அந்தப் பக்கத்து வால்வில் கோளாறு, அதை அடுத்த பகுதிகளில் பார்க்கலாம்.

## பம்ப் ஓடுகிறது, மெட்டீரியல் ஏறவில்லை

திங்கட்கிழமைக் காலையின் கோளாறு இது. ஞாயிறு லீவில் கீழ் வால்வின் எஃகுக் குண்டு காய்ந்த மெட்டீரியலோடு அதன் இருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிரஷரை இறக்கிவிட்டு, சக்‌ஷன் குழாயைக் கழற்றி, கீழிருந்து ஒரு மரக்குச்சியால் குண்டை மெல்ல மேலே தள்ளுங்கள். டக் என்று விடும். விடவில்லை என்றால் தின்னரில் கால் மணி நேரம் நிற்கவிட்டு மறுபடி முயலுங்கள். பம்பின் அடிப்பகுதியை மரச் சுத்தியால் தட்டலாம், இரும்புச் சுத்தி வேண்டாம்.

குண்டு அசைந்தும் ஏறவில்லையா? டின்னை எடுத்துப் பம்பின் மட்டத்துக்கு மேல் ஒரு ஸ்டூலில் வையுங்கள். இப்போது ஏறினால் பம்ப் நன்றாக இருக்கிறது, சக்‌ஷன் பக்கம் கசிவோ கெட்டித்தனமோ இருக்கிறது. ஸ்டூலில் வைத்தும் ஏறவில்லை என்றால் பம்பின் கீழ்ப்பகுதியைத் திறக்க வேண்டும். குண்டையும் இருக்கையையும் துடைத்து, வெளிச்சத்தில் பள்ளமோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இடம் வரை நீங்களே செய்யலாம்.

இன்னொன்று. ஏறாத பம்பை அப்படியே வேகமாக ஓடவிட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். மெட்டீரியல் இல்லாமல் ஓடும் பம்பில் பேக்கிங், அதாவது கசியாமல் பிடிக்கும் வளையங்கள், சூடேறித் தேயும். டின் காலியானதைக் கவனிக்காமல் டீ குடிக்கப் போன ஒரு பத்து நிமிஷம் புது பேக்கிங் செட் ஒன்றைக் காலி செய்ததை நானே பார்த்திருக்கிறேன். டீ குடித்தது நான்தான்.

## கன்னை மூடியும் பம்ப் நிற்காமல் ஓடுகிறது

ட்ரிகரை விட்டால் பம்ப் ஓரிரு அடி அடித்து நின்றுவிட வேண்டும்.

டிரெயின் வால்வு சரியாக மூடியிருக்கிறதா, தரையில் எங்காவது சொட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் கோளாறு பம்புக்குள் இருக்கிறது. எந்தத் திசையில் நகர்கிறது என்பதைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம்.

கீழே இறங்கும்போது நிற்காமல் நழுவுகிறது. கீழ் வால்வு, அதாவது சக்‌ஷன் பக்கத்துக் குண்டு இருக்கையில் பொருந்தவில்லை.

மேலே ஏறும்போது நழுவுகிறது. பிஸ்டன் குண்டு அல்லது பிஸ்டன் பேக்கிங்.

இரண்டு பக்கமும் நழுவுகிறது. இரண்டுமே போயிருக்கலாம். ஆனால் அதை நம்புவதற்கு முன் ஒரு முறை சுத்தமான தின்னரை ஓடவிட்டுப் பாருங்கள். குண்டுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மணல் சிக்கினாலும் இதே அறிகுறிதான் வரும், கழுவினால் போய்விடும்.

கழுவியும் நழுவினால் திறந்துதான் ஆக வேண்டும். இருக்கையில் வட்டமாகக் கறுப்புக் கோடு இருந்தால் பல பம்புகளில் இருக்கையைத் திருப்பிப் போடலாம், மறுபக்கம் புதிதாகவே இருக்கும். பிஸ்டன் தண்டில் நகம் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் பேக்கிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு, புது பேக்கிங்கையும் அந்தக் கோடு சில வாரங்களிலேயே அறுத்துவிடும். தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்த வேலைக்கு அளவு பார்த்து முறுக்கும் ஸ்பானரும் அந்த மாடலுக்கான கிட்டும் தேவை, எனவே சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

தண்டு மேலே வரும் இடத்தில் இருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தையும் பாருங்கள். எண்ணெயில் மெட்டீரியலின் நிறம் ஏறியிருந்தால் மேல் பேக்கிங் கசிகிறது. பிரஷரை இறக்கிவிட்டு, முறுக்க இடம் உள்ள மாடலாக இருந்தால் கால் திருப்பு முறுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்கித் தள்ளினால் இரண்டு நாள் கசியாது, மூன்றாம் நாள் பேக்கிங்கே இருக்காது.

## பம்ப் நடுவழியில் நின்று, சிறிது நேரத்தில் தானே ஓடுகிறது

பம்பின் காற்று வெளியேறும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே பனி கட்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் பனியா என்று சிரிப்பார்கள். அழுத்திய காற்று விரிவடைந்து வெளியேறும்போது அந்த அளவுக்குக் குளிரும், காற்றில் ஈரம் இருந்தால் அது உறைந்து வழியை அடைக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் கம்ப்ரசர் டாங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் இரண்டு முறை திறந்துவிட வேண்டும். அப்படியும் உறைந்தால் ஏர் டிரையர் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

சைலன்சர் குளிரவில்லை, பம்ப் கையால் தள்ளினால்தான் திரும்புகிறது என்றால் காற்று மோட்டாரின் திருப்பு வால்வு போயிருக்கும். அதைத் திறக்காதீர்கள், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

## டிப் அடிக்கடி அடைக்கிறது

கணக்குப் போட்டுப் பாருங்கள். 09 டிப்பின் ஓட்டை சுமார் 0.23 மி.மீ., 11 டிப்பினுடையது 0.28. கப் கன்னின் 1.4 மி.மீ. நாசிலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மெஷ் என்பது ஃபில்டர் வலையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்கள் என்ற கணக்கு. 60 மெஷ் ஃபில்டர் சுமார் 0.25 மி.மீ. துகளை உள்ளே விடும். 09 டிப் போட்டுவிட்டு 60 மெஷ் வைத்திருப்பது, கொசுவலைக்குப் பதில் மீன் வலையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற கதை. இந்த டிப்களுக்கு 100 மெஷ் ஃபில்டர் போடுங்கள். நிறமில்லாத மெல்லிய கோட்டிங்குக்கு மட்டும் 200 மெஷ் சரி, நிறமுள்ள பியூவுக்குப் போட்டால் ஃபில்டரே அடிக்கடி அடைக்கும்.

ஃபில்டர் சரியாக இருந்தும் அடைத்தால் ஃபில்டருக்குப் பின்னால் இருந்து குப்பை வருகிறது. அதாவது ஹோஸின் உள்சுவரில் காய்ந்த பழைய மெட்டீரியல், ஒவ்வொரு முறை அழுத்தம் ஏறும்போதும் செதில் செதிலாக உரிகிறது. டிப்பைக் கழற்றிவிட்டு, குறைந்த அழுத்தத்தில் தின்னரை ஓடவிட்டு வெள்ளைப் பனியன் துணியில் பிடித்துப் பாருங்கள். துணியில் செதில் விழுந்துகொண்டே இருந்தால் ஹோஸை மாற்றுவது தவிர வழியில்லை.

டின்னைத் திறந்ததும் மேலே ஆடை இருந்தால் கலக்கிவிடாதீர்கள். ஆடையை எடுத்துப் போட்டுவிட்டு நைலான் வலையில் வடிகட்டுங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதன் நூல் பிசிறே டிப்பை அடைக்கும்.

## ட்ரிகரை விட்ட பின்னும் சொட்டுகிறது, ஆரம்பத்தில் துப்புகிறது

சொட்டினால் ஊசிக்கும் இருக்கைக்கும் நடுவே தூசி இருக்கும். தின்னரை ஓடவிட்டு ட்ரிகரைப் பத்துப் பதினைந்து முறை டக் டக்கென்று அடியுங்கள். போகவில்லை என்றால் கன் பேக்கிங் நட்டை யாராவது அதிகமாக முறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள், ஊசி பிடித்துக்கொண்டு முழுதாகத் திரும்பி வராது. அப்புறம்தான் ஊசித் தேய்மானம். ஊசியையும் இருக்கையையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

முதல் நொடியில் பெரிய துளிகளைத் துப்பினால் காற்றுக்கு முன் மெட்டீரியல் வருகிறது. ட்ரிகரைப் பாதி இழுத்தால் காற்று மட்டும் வர வேண்டும், அப்படி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் காற்று வால்வு அடைத்திருக்கிறது அல்லது ஊசி தவறாகப் பூட்டப்பட்டிருக்கிறது.

## கருவி நன்றாக ஓடுகிறது, படலம் மட்டும் கெடுகிறது

ஒழுகல். கப் கன்னில் இருந்து மாறியவர்களுக்கு முதல் வாரம் முழுக்க இதுதான். இதில் வரும் மெட்டீரியல் அதிகம், பழைய வேகத்தில் கை போனால் வழியும். ட்ரிகரைப் பாதி இழுத்து அளவைக் குறைக்க இந்தக் கன்னில் முடியாது. கையை வேகமாக நகர்த்துங்கள், அல்லது 13 டிப்பைக் கழற்றி 11 அல்லது 09 போடுங்கள்.

ஆரஞ்சுத் தோல். படலம் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி மேடுபள்ளமாக நிற்பது. மேலே வால் பகுதியில் சொன்ன செட்டிங்கை மறுபடி செய்யுங்கள். அது சரி என்றால் கன் தூரம் 30 செ.மீ. தாண்டியிருக்கலாம், அல்லது மே மாத மதியத்துக்கு வேகத் தின்னர் போட்டிருக்கலாம். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கேட்டு வாங்குங்கள்.

ஊசிமுனைக் குமிழிகள். தேக்கு வேனிரில் நரம்புக் குழிகளில் மட்டும் வந்தால் சீலர் போதவில்லை. எல்லா இடத்திலும் வந்தால் ஒரே தடவையில் கனமாக அடித்திருக்கிறீர்கள். மேல்பரப்பு மூடிக்கொண்ட பிறகு உள்ளே இருக்கும் தின்னர் வெடித்து வெளியேறுகிறது. ஈரப் படலத்தின் தடிமனை அளக்கும் சீப்பு ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. பியூவில் தண்ணீர் கலந்தாலும் குமிழி வரும், ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு விடும்.

மீன்கண். சின்ன வட்டமாகப் படலம் விலகி நிற்பது. எண்ணெயும் சிலிக்கானும்தான் காரணம். பலரும் மரத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். நீங்கள் காற்று லைனைப் பாருங்கள். காற்றில் ஓடும் கருவிகளுக்காக லைனில் காற்றோடு எண்ணெய் கலக்கும் ஆயிலர் மாட்டியிருப்பார்கள், அதே லைனில் இருந்து ஏர் கேப்புக்கும் காற்று எடுத்திருப்பார்கள். கன்னில் காற்றை மட்டும் திறந்து ஒரு கண்ணாடியின் மேல் அரை நிமிஷம் அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் படலம் தெரிந்தால் அது எண்ணெய் அல்லது தண்ணீர். ஸ்பிரேக்குத் தனி லைன் எடுங்கள்.

வெள்ளை பூத்தல். ஐப்பசி கார்த்திகை மழையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தால் வரும். ஆவியாவதை மெதுவாக்கும் ரிடார்டர் சேருங்கள், அல்லது மழை விடும்வரை வேறு வேலை பாருங்கள்.

## நேற்று கழுவினேன், இன்று மறுபடி அதே கோளாறு

எதால் கழுவினீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

கடையில் விலை குறைந்த என்.சி. தின்னரால் கழுவுவது வழக்கம். அழுக்கை அது நன்றாகவே எடுக்கும். ஆனால் பல என்.சி. தின்னர்களில் ஆல்கஹால் உண்டு, பியூ ஹார்டனர் ஆல்கஹாலோடு சேர்ந்து செலவாகிவிடும். காலையில் அதே தின்னர் நிரம்பிய ஹோஸில் பியூவை ஏற்றினால் முதல் பலகை நகம் பதியும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். கம்பெனி மெட்டீரியல் மேல் பழி போடுவார்கள். கடைசிக் கழுவலைப் பியூ தின்னரால் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

வாட்டர் பேஸ் மெட்டீரியலில் இருந்து சால்வென்டுக்கு மாறும்போது நேராகத் தின்னரை விட்டால் உள்ளே பசை மாதிரி திரளும். முதலில் தண்ணீர், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதன் பிறகு தின்னர். அடுத்து ஏற்றப்போவது பியூ என்றால் அந்தக் கடைசித் தின்னர் பியூ தின்னராகவே இருக்கட்டும். திரும்பிப் போகும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். மெத்திலின் குளோரைடு மாதிரிக் குளோரின் உள்ள சால்வென்ட் எதையும் விடக்கூடாது. பம்பில் அலுமினியப் பாகங்கள் இருந்தால் அவற்றோடு வினைபுரிந்து வெடிக்கக்கூடும்.

நான் கழுவும் முறை இது. பிரஷரை இறக்கி, டிப்பையும் ஏர் கேப்பையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் தின்னரில் போடுகிறேன். சக்‌ஷன் குழாயைத் தின்னர் டின்னுக்கு மாற்றி, காற்றை மிகக் குறைவாக வைத்து, கன்னை மெட்டீரியல் டின்னுக்குள்ளேயே பிடிக்கிறேன். கால் அங்குல உள்துளை உள்ள 7.5 மீட்டர் ஹோஸில் ஏறக்குறைய 240 மி.லி. மெட்டீரியல் நிற்கும், அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. நிறம் வெளுக்க ஆரம்பித்ததும் கன்னைக் கழிவு வாளிக்கு மாற்றுகிறேன். முதல் சுற்றுக்கு நேற்றைய அழுக்குத் தின்னர், இரண்டாவதற்குச் சுத்தத் தின்னர். நடுநடுவே டிரெயின் வால்வையும் திறந்துவிட வேண்டும், அந்தக் குழாயை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மூன்று ஃபில்டர்களையும், அதாவது சக்‌ஷன், பம்ப், கன் ஃபில்டர்களைக் கையில் எடுத்துப் பிரஷ் போடுகிறேன்.

முடிந்ததும் ஹோஸைக் காலியாக விடுவதில்லை. சுத்தத் தின்னர் நிரம்பியபடியே, பிஸ்டன் கீழே இறங்கிய நிலையில் நிறுத்துகிறேன். மேலே நின்றால் தண்டில் ஒட்டியது காய்ந்து, காலையில் பேக்கிங்கைச் சுரண்டும். கன்னை முழுதாகத் தின்னரில் மூழ்கடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். பேக்கிங் ஊதிவிடும், அழுக்குத் தின்னர் காற்று வழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

## உள்ளேயே இறுகிவிட்டது

ஹார்டனர் கலந்த பியூவை வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய், அப்படியே கரன்ட் கட், பேச்சு என்று நேரம் போய்விட்டது. கலந்த மெட்டீரியலின் ஆயுள் லேபிளில் போட்டிருக்கும், வெயில் காலத்தில் அதைவிடக் குறைவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெட்டீரியல் தேன் மாதிரி இழுத்தாலும் இன்னும் ஓடுகிறதா? கையில் உள்ள பியூ தின்னரை உடனே ஏற்றுங்கள், எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை. ஓடிக்கொண்டே இருக்கும்வரை காப்பாற்றலாம்.

ஜெல்லி மாதிரி ஆகிவிட்டதா? பிரஷரை ஏற்றித் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அடைத்த ஹோஸில் அழுத்தத்தை ஏற்றினால் இணைப்பு எங்கே பிய்யும் என்று சொல்ல முடியாது. டிரெயினைத் திறந்து இறக்குங்கள். டிரெயினும் அடைத்திருந்தால், காற்று லைனைப் பம்பில் இருந்து கழற்றிவிட்டு ஹோஸ் நட்டைத் துணி சுற்றி மெதுவாகத் தளர்த்துங்கள். பம்பின் கீழ்ப்பகுதியைப் பிரித்துத் தின்னரில் ஊறப்போடலாம். கன்னையும் பம்பையும் சர்வீஸ் ஆளிடம் கொடுத்தால் பெரும்பாலும் மீட்டுவிடுவார்.

ஹோஸ் மட்டும் மீளாது. அதை வாசலில் சுருட்டிப் போடாமல், நடுவில் இரண்டாக வெட்டிப் போடுங்கள். அடுத்த மாதம் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.